லிஃப்ட் குழியும் அம்பாசமுத்திரத்துப் புகையும்

எனக்கு டெங்கு வந்தது புனேயில், கராடியில். கொசு மருந்துப் புகை அடிக்கப்பட்டது அம்பாசமுத்திரத்தில், என் அம்மா வீட்டில். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு இன்றுவரை சிரிப்பு வரவில்லை.

கணபதி விழாவுக்கு முந்திய மழைக்காலம் அது. எங்கள் குடியிருப்பில் இரண்டு லிஃப்ட்டுகள். ஒன்று பழுதாகிக் கீழ்த்தளத்திற்குச் சற்று மேலே நின்றுவிட்டது. அதன் அடிக்குழியில் மழைநீர் இறங்கித் தேங்கியிருந்தது. வண்டி எடுக்கப் போகும்போதெல்லாம் பட்டப்பகலில் கணுக்காலைக் கொசு கடிக்கும். குழியைத் திறந்து நீரை இறைக்கச் சொல்லி இருமுறை வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். கைகூப்பிய பொம்மைகள் மட்டுமே பதிலாக வந்தன.

பிறகு காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலால் அழுத்துவதுபோல் வலி. முதுகெலும்பு தனியாகக் கழன்றுவிட்டதுபோல் ஒரு வலி. கணவர் இரத்தப் பரிசோதனைக் கூடத்திற்கு அழைத்துப்போனார். நான் சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தேன். முகப்பில் கேட்டவற்றுக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். மாலையில் முடிவு கைப்பேசிக்கு வந்தது. டெங்கு. மருத்துவமனையில் சேர வேண்டியதில்லை, நிறைய நீர் குடியுங்கள், தட்டணுக்களின் எண்ணிக்கையை மட்டும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர்.

என்னைவிட அதிகம் பயந்தவள் கீழ்வீட்டுப் பெண். ஈரோட்டுப் பக்கத்துக்காரி. முதல் பிள்ளையை ஏழு மாதமாகச் சுமந்துகொண்டிருந்தாள். அலைய வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை; பகல் முழுவதும் அந்தக் கட்டடத்துக்குள்ளேதான். கர்ப்பிணிக்கு டெங்கு வந்தால் என்ன ஆகும் என்று அவள் இணையத்தில் தேடிப் படித்திருந்தாள்.

"அக்கா, அந்தக் குழிக்கு நேர் மேலதானுங்க எங்க வீடு. நான் வேணும்னா ஊருக்குப் போயிரட்டுங்களா?" என்று தொலைபேசியில் கேட்டாள்.

"இந்த மாசத்துல அவ்வளவு தூரம் எப்படிப் போவ? பயப்படாத. டெங்குன்னு ரிசல்ட் வந்துட்டா லேப்லேருந்து கார்ப்பரேஷனுக்குத் தகவல் போயிரும். ஆள் வந்து குழியைத் திறந்து மருந்து போடுவாங்க" என்றேன். நடைமுறை அதுதான். நோயாளியின் முகவரி வட்டாரச் சுகாதார அலுவலகத்திற்குப் போகும். அவர்கள் அந்த முகவரிக்கு வருவார்கள். அவள் என் வார்த்தையை நம்பி இருந்துவிட்டாள்.

யாரும் வரவில்லை. வந்தது அம்மாவின் தொலைபேசி அழைப்பு.

"என்னட்டி, உனக்குக் காய்ச்சல்னா இங்க எதுக்கு ஆளு வாராவ? சுகாதார இன்ஸ்பெக்டர் ஆளுகளோட வந்து தொட்டித் தண்ணிய எல்லாம் கவுத்து ஊத்திட்டாரு. வீடு பூரா ஒரே புகை. மாவுச் சட்டிய மூடுததுக்குள்ள அடிச்சிட்டாவ. மக எப்ப வந்தான்னு கேட்டாரு. பொங்கலுக்கு வந்தவன்னு சொன்னேன். 'அப்பக் கடிச்ச கொசு இப்பத்தான் வேலையக் காட்டுதோ?'ன்னு அவரே சிரிச்சிக்கிட்டாரு."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுதிவந்த முகவரிக்குத் தாமதமில்லாமல் போய்ச் சேர்ந்தவர் அவர்.

கணவரைக் கேட்டேன். "ஆதார் கார்டு கேட்டான், உன் கார்டக் குடுத்தேன். அதுல ஊர் அட்ரஸ்தான இருக்கு? பொய் ஒண்ணும் சொல்லலியே. கிளம்பும்போது நம்ம அப்பார்ட்மென்ட் செக்ரட்டரிதான் கீழ நின்னு சொன்னாரு, ஊர் அட்ரஸே இருக்கட்டும்னு. இங்க எல்லாரும் அப்படித்தான் குடுக்காவளாம்."

புனேயில் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் எங்களைப் போன்ற தமிழர் பலர் அட்டையில் முகவரியை மாற்றுவதில்லை. ஓட்டு ஊரில், ரேஷன் ஊரில், என்றாவது திரும்புவோம் என்ற எண்ணமும் அங்கே. அதில் தவறில்லை. அந்தப் பழக்கத்தை ஒருவர் கட்டடத்தின் நற்பெயரைக் காக்கும் திரையாக்கிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் எனக்குக் கொதித்தது. எங்கள் செயலாளரும் தமிழர்தான். மூன்று தலைமுறையாகப் புனேயின் கேம்ப் பகுதியில் வாழ்ந்து பின்னர் இங்கே வீடு வாங்கியவர்.

சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினேன். வண்டி நிறுத்துமிடத்தில் கணபதிக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். செயலாளர் மூங்கில் கட்டுவதை மேற்பார்வை செய்துகொண்டிருந்தார்.

"அரே பேட்டா, காய்ச்சல்ல எதுக்கு இறங்கி வந்தே? பப்பாளி இலை ஜூஸ் குடிச்சியா?"

"அங்கிள், ஏன் ஊர் அட்ரஸ் குடுக்கச் சொன்னீங்க?"

"உங்க நல்லதுக்குத்தான். கார்ப்பரேஷன்காரன் வந்தா கேட்டுல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போவான். கணபதி பப்பா வர்ற நேரத்துல இதெல்லாம் நல்லாவா இருக்கு? போன வருஷம் பி விங்ல மூணு வீட்ல வந்துச்சு. ஒரு நோட்டீஸ் வந்துச்சா? எல்லாம் நம்ம மதராசி ஃபேமிலி. ஊர் கார்டு காட்டினாங்க, மாம்லா கதம், விஷயம் முடிஞ்சுது."

பெருமையாகத்தான் சொன்னார். போன ஆண்டின் மூன்று நோயாளிகளும் தமிழ்நாட்டின் ஏதேதோ ஊர்களில் பதிவாகியிருப்பார்கள். அந்த ஊர்களிலும் தொட்டிகள் கவிழ்க்கப்பட்டிருக்கும். இந்தக் குழியை மட்டும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இந்த ஆண்டின் கொசுக்களை வளர்த்தது மழை மட்டுமல்ல, அந்த மூன்று பேருக்கும் இவர் சொன்ன யோசனையும்தான்.

"கீழ்வீட்டுப் பொண்ணு ஏழு மாசம், அங்கிள். அவளுக்கு வந்தா?"

"ஜன்னலுக்கு நெட் போடச் சொல்லு. எல்லாம் பப்பா பாத்துப்பாரு."

மறுநாள் காலை ஆட்டோ பிடித்து வட்டாரச் சுகாதார அலுவலகத்திற்குப் போனேன். உங்கள் கட்டடத்திலிருந்து நோயாளி யாரும் பதிவாகவில்லையே என்றார் அங்கிருந்த ஆய்வாளர், இந்தியில். பரிசோதனை முடிவைக் காட்டினேன். முகவரியைப் படித்துவிட்டு, இது தமிழ்நாடு ஆயிற்றே என்றார். கராடி வீட்டு மின்கட்டண ரசீதை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பிற்பகலில் இரண்டு ஆட்களுடன் வந்துவிட்டார். அவ்வளவு எளிதான வேலையைத்தான் இத்தனை காலம் செய்யவிடாமல் வைத்திருந்தார்கள்.

குழியின் மூடியை நெம்பித் திறந்து, நீண்ட கைப்பிடியுள்ள வெள்ளைக் கரண்டியால் நீரை மொண்டார் ஆய்வாளர். கரண்டி முழுவதும் புழுக்கள் துள்ளின. "மழைத் தண்ணிதானே" என்று செயலாளர் தொடங்கினார். ஆய்வாளர் கரண்டியை அவர் முகத்தருகே நீட்டினார். செயலாளர் பின்வாங்கிப் பந்தல் மூங்கிலில் இடித்துக்கொண்டார். நீரை இறைத்தார்கள், மருந்து தெளித்தார்கள், வாயிற்கதவில் நோட்டீஸும் ஒட்டினார்கள்.

ஆனால் அதற்குள் கடித்தது கடித்துவிட்டது. இரண்டு நாள் கழித்துக் கீழ்வீட்டுப் பெண்ணுக்கும் உடம்பு கொதித்தது. அவள் கணவரோடு நானும் அவளுடன் மருத்துவமனைக்குப் போனேன். இரத்தம் எடுக்கும் முன் முகவரி கேட்டார்கள். அவள் கணவர் பழக்கத்தில் பணப்பையிலிருந்து அட்டையை எடுத்தார்.

"என்னங்க, அதை உள்ளார வையுங்க," என்றாள் அவள், சக்கர நாற்காலியில் சரிந்தபடி. பிறகு கராடியையும் கட்டடத்தையும் வீட்டு எண்ணையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

டெங்குதான். அதன் பிறகு வந்த நாள்களை விரித்து எழுத எனக்குத் தெம்பில்லை. தட்டணுக்கள் சரிந்தன, மகப்பேறு மருத்துவர் வேளைக்கு வேளை வந்து குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டார், பிரசவத்தை முன்கூட்டியே செய்ய நேரலாம் என்று கையெழுத்து வாங்கிவைத்தார்கள். கடைசியில் காய்ச்சல் இறங்கியது, எண்ணிக்கை ஏறியது, துடிப்பு சீராயிற்று. தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

தப்பிய செய்தி கேட்டுச் செயலாளர் இளநீர்க் காய்களோடு மருத்துவமனைக்கு வந்தார். கட்டில் அருகே நின்று, குடியிருப்பு நிர்வாகக் குழுவின் சார்பில் என்று தொடங்கி, "நல்ல வேளை பேட்டா, ஒண்ணும் ஆகலை" என்றார்.

அவள் எழுந்து உட்கார முயன்றாள். நான் தோளைத் தாங்கிப் பிடித்தேன்.

"ஆகலைன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது? ஒரு பகல் முழுக்க வயித்துல அசைவே தெரியலைங்க. கையை வச்சுக்கிட்டுப் படுத்துக் கெடந்தேன். அன்னைக்கு எங்கிட்ட வந்து சொல்லியிருப்பீங்களா, ஒண்ணும் ஆகலைன்னு?"

"நான் கெட்டது நினைச்சா செஞ்சேன்…"

"எளநிய எடுத்துட்டுப் போயிருங்க."

நான் ஏதாவது சமாதானம் சொல்வேன் என்று அவர் என்னைப் பார்த்தார். நான் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.