மடியில் ஏறிய லென்ஸ்

செம்மநத்தம் காளியண்ணன் மலைச்சாமி சேர்வராயனை நினைக்காமல் காப்பித் தோட்டத்துக்குள் நுழைய மாட்டார். மதிப்பான பொருள் எதுவும் காலில் பட்டுவிடக் கூடாது அவருக்கு. அந்தக் குணம்தான் மகளின் வேலைக்குக் குறுக்கே வந்தது.

மகள் சிவரஞ்சனி கோயம்புத்தூரில் சின்னச் செயற்கைக்கோள் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். அதில் வைக்கும் கேமரா, நம் கண்ணுக்குத் தெரியாத ஒருவகை அகச்சிவப்பு ஒளியில் படம் எடுக்கும். எந்தத் தோட்டத்தில் இலை தண்ணீரில்லாமல் வாடுகிறது என்று வானத்திலிருந்தே காட்டிவிடும். அதற்கென்று தனியாக லென்ஸ் செய்ய நாளில்லை. கடையில் கிடைப்பவற்றில் இரண்டு தேறின. பெரியதில் படம் கூர்மை. கம்பெனியில் எல்லோருக்கும் அதுதான் பிடித்தது. ராக்கெட் ஆட்டத்தில், படத்தைக் கூர்மையாக்கத் திருகும் அதன் வளையம் நகர்ந்து படம் மங்கிவிடும், சின்னதே போதும் என்றாள் சிவரஞ்சனி. குலுக்கிப் பார்க்கும் மெஷின் கிடைக்க ஒரு மாதம் ஆகும். திங்கட்கிழமை முடிவு சொல்ல வேண்டும். மேனேஜரிடம் கேட்டு, மலைப் பஸ்ஸின் குலுக்கலில் சோதித்துப் பார்க்க இரண்டையும் ஊருக்கே எடுத்து வந்துவிட்டாள். இரண்டிலும் வளையத்தையும் லென்ஸ் உடலையும் சேர்த்து ஒரு வெள்ளைக்கோடு போட்டிருந்தாள். வளையம் நகர்ந்தால் கோடு விலகும்.

சேலத்துக்குப் போய் மகளை அழைத்து வந்தார் காளியண்ணன். பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து, லென்ஸ் பெட்டிகளைத் தரையில் வைத்தாள் அவள்.

"சாமி மாதிரிப் பொருளு, கால்கீழ வெக்கலாமா கண்ணு?"

"நல்லாக் குலுங்கோணும்பா. நீங்க தொடாதீங்க."

மலை ஏறும்போது அவள் கண்ணயர்ந்தாள். ஒவ்வொரு குலுக்கலும் அவர் நெஞ்சில் இடித்தது. பெரிய பெட்டி சீட்டுக்கடியில் சிக்கியிருந்தது. சின்னதை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மலைமேல் ஒண்டிக்கடை ஸ்டாப் வரும்போது பழையபடி கீழே வைத்துவிட்டார்.

வீட்டில் பெட்டிகளைத் திறந்தாள். பெரியதில் கோடு அரிசி அளவு விலகியிருந்தது. சின்னதில் அப்படியே இருந்தது.

"பாத்தீங்களாப்பா!" என்று குதித்தவள் மேனேஜருக்குப் பேசப் போனை எடுத்தாள்.

காளியண்ணன் அவள் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"பேசாத கண்ணு. தப்புப் பண்ணிப்போட்டேன். சின்னத நான் மடியில வெச்சிருந்தேன்."

அவள் முகம் சுருங்கிப்போனது. காளியண்ணனின் மனைவி பாவாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, தாலாட்டும் பாடுனீங்களா?"

மறுநாள் புதுக்கோடு போட்டு, அதே கடைசி சீட்டில் சேலம் இறங்கி, அதே பஸ்ஸில் திரும்ப ஏறினார்கள்.

"ஏனுங்ணா, எறங்குனதும் ஏறிட்டீங்க, ஊர்ல என்னத்த மறந்தீங்க?" என்றார் கண்டக்டர் ஜெயபிரகாஷ்.

"தொடாம வரப் பழகறனுங்க" என்றார் காளியண்ணன். வழியெல்லாம் கையைக் கட்டிக்கொண்டே வந்தார்.

பெரியதில் கோடு மறுபடி விலகியது. சின்னது அசையவில்லை.

மேனேஜருக்கு எழுதிய அறிக்கையை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். முதல் சோதனை செல்லாது, காரணம் இன்னது என்று இருந்தது. அடியில் சோதனை செய்தவர்கள்: சிவரஞ்சனி, காளியண்ணன்.

"மடியில வெச்சதையுமா எழுதுன?"

"அது இருந்தாத்தாம்பா மிச்சத்தையும் நம்புவாங்க."

திங்கட்கிழமை சாயங்காலம் மகளிடமிருந்து போன் வந்தது. சின்னதைத்தான் குலுக்கும் மெஷினில் ஏற்றப் போகிறார்கள். காளியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார். திரும்பி வந்தவரிடம், என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று பாவாயி கேட்டாள்.

"ராக்கெட்டுல அது யாரு மடியும் இல்லாம தானா உக்காந்து போய்ச் சேரோணும்னுதான்."