நழுவும் கண்ணாடி

அந்தத் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவரை எல்லோரும் 'பிடிமானம்' என்றே கூப்பிட்டார்கள். அவர் சரிசெய்து கொடுத்த கண்ணாடி, குனிந்து தரை துடைத்தாலும் மூக்கைவிட்டு இறங்காது. சட்டத்தைச் சூட்டுக்காற்றில் காட்டி, காதில் மாட்டும் கம்பிகளை உள்பக்கமாக மயிரிழை அளவு வளைப்பார். மாட்டிவிட்டு, "தலையை ஆட்டுங்க" என்பார். பெரிய வித்தை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அவருக்கு அதில் இருந்த பெருமை பெரிது.

அவர் மனைவிக்கு வலது கை அவ்வப்போது மரத்துப்போகத் தொடங்கியது. தேநீரை ஊதி ஆற்றும்போதுதான் அது வரும். கோப்பை நழுவி விழும். சற்று நேரத்தில் கை பழையபடி ஆகிவிடும். "கோப்பை வாங்கியே கடையை விக்கணும் போல" என்று சிரித்தாள். ஒருநாள் கோப்பையோடு பேச்சும் நின்றுபோனது. பேச்சு திரும்பிய பிறகும் அவள் சிரிக்கவில்லை.

மருத்துவமனையில் டாக்டரம்மா படத்தைத் திரையில் காட்டினார். மூளையின் அடிப்பக்கம் புகை கலைந்தது போல ஏதோ தொங்கியது.

"இடது பக்கம் பெரிய ரத்தக்குழாய் கொஞ்சம் கொஞ்சமா அடைஞ்சுட்டு வருது. ரத்தம் போதாம மூளையே இந்தச் சின்னக் குழாய்களை முளைக்க வச்சிருக்கு. வேகமா ஊதினா இருக்கற வழியும் சுருங்கிடும். அதான் கை போகுது."

"தானா முளைச்சுதுன்னா நல்லதுதானே?"

"பசியில முளைச்சது சார். சுவர் மெல்லிசு, கிழியலாம். வயித்துல இருக்கற குழந்தைக்கும் மூளை இப்படித்தான் பசிச்சுக் கூப்பிடும், குழாய் அதைத் தேடி வளரும். அங்க எல்லாம் ஒழுங்கா அமையும். இங்க அமையல."

அவர் அதை வெகுநேரம் யோசித்தார். ஒரே கூப்பாடு. ஒரு காலத்தில் அது ஓர் ஆளை உண்டாக்குகிறது; இன்னொரு காலத்தில் அதே ஆளைச் சாய்க்கப் பார்க்கிறது. இதில் யாரைக் கோபித்துக்கொள்வது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

அறுவைச் சிகிச்சையில், இடது காதுக்கு முன்னால் தோலுக்கடியில் ஓடும் குழாயை எடுத்து மூளையின் மேல் படுக்கவைத்தார்கள். அதிலிருந்து புதிய கிளைகள் வளர வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், வளராமலும் போகலாம் என்றார் டாக்டரம்மா. "அந்தப் பக்கம் இறுக்கமா எதுவும் படக்கூடாது."

அவர் இதைக் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடித்தார். தலைத்துணிகளை ஒளித்துவைத்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் எழுப்பினார். முடி எடுத்த தலையில் கண்ணாடிதான் நிற்கவில்லை.

"ஊருக்கெல்லாம் மாட்டி விடறீங்க. உங்க பொண்டாட்டி கண்ணாடி பாத்திரத்துல விழுது."

வாங்கிச் சூடுகாட்டி வளைத்தார். "தலையை ஆட்டு." ஆட்டினாள். அசையவில்லை.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். காதுக்கு முன்னால் தோலில் ஒரு பள்ளம் பதிந்திருந்தது. விரலை அங்கே வைத்தவர் உடனே எடுக்கவில்லை.

"துடிப்பு சன்னமா இருக்கே. இதை யார் மாட்டினது?"

"இவர்தான். இந்த வேலையில இவரை மிஞ்ச ஆளில்லை."

"கம்பி நேரா அந்தக் குழாயை அழுத்துது சார்."

தலைத்துணி, தலையணை, எல்லாம் அவர் கணக்கில் வந்திருந்தன, கண்ணாடி வரவில்லை. இத்தனை வருஷத் தொழிலில் அது அவருக்கு முகத்தின் ஒரு பாகமாகிப் போயிருந்தது.

வீடு திரும்பும் வழியில் அவள்தான் பேசினாள். "வாயைத் திறங்க. திட்டறதுன்னா நான்தானே திட்டணும்? கேட்டு வாங்கிக்கிட்டதும் நான்தான். அதனால பாதித் திட்டு."

அவர் நேரே கடைக்குப் போய் இடது கம்பியை அகல விரித்தார். தோலில் படாமல் காதின் மேல் சும்மா கிடந்தது. அன்றிலிருந்து அந்தக் கண்ணாடி நழுவிக்கொண்டே இருந்தது. "என்ன பிடிமானம், வீட்டம்மா கண்ணாடியைக் கவனிக்கக் கூடாதா?" என்று கடைக்கு வந்தவர்கள் கேலி செய்தார்கள். அவர் அவர்கள் கண்ணாடியை வாங்கிச் சூடுகாட்டினார். தினமும் காலையில் அவள் காதுக்கு முன்னால் விரலை வைத்துப் பார்ப்பார். துடிப்பு இருக்கும். விரலை எடுக்க மனசு வராது.

மாதங்கள் கழித்துப் படம் எடுத்தார்கள். படுக்கவைத்த குழாயிலிருந்து கிளைகள் மூளைக்குள் இறங்கியிருந்தன. அடியிலிருந்த புகை குறைந்திருந்தது. பின்பக்கம் மட்டும் ஓரிடம் கிளை வராமல் வெறுமையாகக் கிடந்தது.

"அது நான் அழுத்தினதாலயா?"

டாக்டரம்மா படத்தை இன்னொரு முறை பார்த்தார். "தெரியாது சார். யாரும் அழுத்தாமலும் இப்படி ஆகும். ஆமான்னாலும் இல்லைன்னாலும் பொய்தான். கைக்கும் பேச்சுக்கும் வேண்டியது வந்திருக்கு."

அவருக்குத் தண்டனையும் இல்லை, மன்னிப்பும் இல்லை. தலையை மட்டும் அசைத்தார்.

வெளியே வராந்தாவில் உட்கார்ந்து தேநீர் வாங்கினார்கள். அவள் ஊதாமல், தானாக ஆறட்டும் என்று கோப்பையைப் பக்கத்தில் வைத்தாள். குனிந்தபோது கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்தது. அவர் கைகள் பழக்கத்தில் அதை நோக்கி எழுந்தன, மடியில் இறக்கிக்கொண்டார். அவள் வலது கை மேலே போய், ஒரு விரலால் அதை ஏற்றிவிட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி நழுவியது. மறுபடி அந்தக் கை போனது.