கன்னிப் பெட்டியில் ஒரு சேலை

தம்பி மகளுக்குப் பதினாறு நடக்கிறது. இன்னும் பெரிய மனுஷி ஆகவில்லை. போன வாரம் அவளைப் பெண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பயம் எனக்குத்தான். அவள் போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அவளிடமே எல்லாம் கேட்டார், வயிற்றின் மேல் ஸ்கேன் வைத்துப் பார்த்தார், அவ்வளவுதான். "சிலருக்குப் பிந்தும். பதினஞ்சு தாண்டினா ஒரு தடவ காட்டிரணும். மாசாமாசம் வயிறு வலிச்சா மட்டும் வயசு பாக்காம வந்துரணும்" என்றார்.

"இதுக்கா அத்தை இம்புட்டுப் பயந்தீங்க?" என்றாள் தம்பி மகள்.

வெளியே வந்தால் பக்கத்தில் செக்கு எண்ணெய்க் கடை. நல்லெண்ணெய் வாசம் அடித்தால் ஆளான பிள்ளைக்குக் கிண்டிக் கொடுக்கும் உளுத்தங்களி எனக்கு ஞாபகம் வரும். களி என்றால் கோமதி. சங்கரன்கோவிலில் கோமதி என்று கூப்பிட்டால் நாலு வீட்டுக் கதவு திறக்கும், அம்மன் பெயர் அல்லவா! நான் சொல்வது என் சித்தி மகளை. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. நான் ஒன்பதாம் வகுப்பிலேயே ஆளாகி, தினமும் கொடுத்த களியைப் பூனைக்குப் போட்டேன். பூனை நன்றாகத் தேறியது.

கோமதி ஆளாகவில்லை. ஆனால் மாதம் தவறாமல் வயிற்று வலி வந்து சுருண்டுவிடுவாள். சித்தி கோயில் புற்றுமண்ணைக் குழைத்து அடிவயிற்றில் பூசுவாள். தெருவில் பேச்சு கிளம்பியது. அடுத்த வீட்டு உலையில் என்ன கொதிக்கிறது என்று தெரியாவிட்டால் நமக்குத் தூக்கம் வராதே. பெண் கேட்க இருந்தவர்களும் பின்வாங்கினார்கள். ஊர் வாயை மூட, பிள்ளை ஆளாகிவிட்டாள் என்று சொல்லி மைக்செட் கட்டிச் சடங்கே வைத்துவிட்டாள் சித்தி. தாய்மாமன் சீர் கொண்டுவந்தார். பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்த கோமதி என் காதில் சொன்னாள்: "எனக்கு ஒண்ணுமே வரலட்டி. எல்லாரும் வாழ்த்துதாவ. பயமா இருக்கு."

வலி கூடக்கூட என் அம்மா தங்கையிடம் கெஞ்சினாள். "ஏட்டி, திருநெல்வேலில பொம்பள டாக்டர் இருக்காவ. காட்டிட்டு வந்துருவோம்."

"சடங்கு கழிச்ச பிள்ளைய இன்னும் ஆளாகலன்னு எந்த வாயால சொல்லுவேன்? கல்யாணம் ஆகாதவள அந்த ஆஸ்பத்திரில பாத்தா ஊரு சும்மா இருக்குமாக்கா?"

காய்ச்சலில் நினைவு தப்பிய பிறகுதான் கார் பிடித்தார்கள். பரிசோதித்த டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "மாசாமாசம் வந்துதாம்மா இருந்திருக்கு. வெளிய வார வழி மூடிக் கெடந்திருக்கு. அப்பமே சின்னதா கீறி விட்டிருந்தா போதுமே."

உள்ளே சீழ் பிடித்துவிட்டது. கோமதி வீடு திரும்பவில்லை. நினைத்தால் எனக்கு இன்றும் ஆறாது.

கல்யாணமாகாமல் இறந்த பெண்ணைக் கன்னியாகக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஓலைப் பெட்டியில் சிறுபிள்ளைகள் கட்டும் சிற்றாடையை வைப்பார்கள். சித்தி மட்டும் வருஷா வருஷம் முழுச்சேலை வைத்தாள். முறையில்லை என்றவர்களிடம், "எம்பிள்ள ஆளாகித்தான் போனா. டாக்டரே சொன்னாவ" என்று அழுதாள். ஒருவரும் நம்பவில்லை.

என் அம்மாவும் சித்தியும் போய்விட்டார்கள். வீடு கைமாறி, இடித்துக் கட்டிவிட்டார்கள். பெட்டி என்ன ஆயிற்றோ தெரியவில்லை. கோமதிக்கு நடந்த சடங்கு பொய்யில்லை என்று தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான்.