தரைத்தளத்துக் காப்பகம்

என் நாத்தனார் ரயில் நிலையத்தை ஒட்டிய பழைய வீட்டின் கீழ்ப்பகுதியில் குழந்தைகள் காப்பகம் நடத்தினாள். அவள் பெற்ற பிள்ளை ஒன்றுமில்லை. ஆனால் வண்டி பிடிக்க ஓடுகிற அம்மாக்கள் எல்லோரும் அவள் இடுப்பில்தான் பிள்ளையைத் திணித்துவிட்டு ஓடுவார்கள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். தாமதமாக வரும் அப்பன்களுக்கு விழும் திட்டு நடைமேடை வரை கேட்கும்.

நிலையத்தைச் சுற்றி அடுக்குமாடி வரப்போகிறது என்றதும் துள்ளிக் குதித்தவளும் அவள்தான். "நடக்கிற தூரத்துல அத்தனை குடும்பம் அண்ணி! நண்டுசிண்டெல்லாம் பஸ்ல தூங்கி வழிய வேண்டாம்."

நகரத் திட்ட அலுவலகத்தில் இதை வரைந்தவன் அந்நியனா என்ன? அவனுடைய ஒன்றரை வயது மகள் வளர்வதே இவளிடம்தான். "புதுக் கட்டடத்துல உங்களுக்கு இல்லாத இடமாக்கா?" என்றான். நம்பினாள். பழைய வீட்டை இடிக்கச் சம்மதிக்காமல் முரண்டு பிடித்த வீட்டுக்காரரைப் பேசிப் பேசிக் கரைத்ததும் இவளே. சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

ஒதுக்கீடு வந்தது. தெருவைப் பார்த்த தரைத்தளம் முழுக்கக் கடைகளுக்கு. தெரு எந்நேரமும் கலகலப்பாக இருக்க வேண்டுமாம். காப்பகத்துக்கு மூன்றாவது மாடி. சரியென்று உரிமம் கேட்கப் போனால், அந்த அலுவலகத்தில் வேறு விதி: தவழும் குழந்தைகளைத் தரைத்தளத்தில்தான் வைக்க வேண்டும், தீப்பிடித்தால் தூக்கிக்கொண்டு ஓட வசதியாக. இரண்டும் நல்ல விதிகள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கெட்ட விதியென்றால் மண்ணை வாரித் தூற்றலாம். அக்கம்பக்கத்து வீடுகளும் அதே திட்டத்துக்குள் வந்துவிட்டதால் வாடகைக்கும் வழியில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"ரெண்டு ஆபீசும் சேர்ந்து உக்காந்து பேசியிருக்கணும்க்கா. அடுத்த திட்டத்துல மாத்திடறோம்" என்றான் அவன்.

"அதுக்குள்ள உன் பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடும்."

நேற்று பாய்களைச் சுருட்டிக் கட்டினோம். அவன் வழக்கம்போல் கடைசியாக வந்தான். குழந்தை இவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு இவளை எங்கக்கா விடறது?"

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"நீதானேப்பா வரைஞ்ச. நீயே பாரு" என்றாள் மெதுவாக.

அவன் போனை எடுத்து நிஜமாகவே தேட ஆரம்பித்தான். நான்கு நிலையம் தள்ளி, அவன் அலுவலகத்துக்கு எதிர்த்திசையில் ஒரு காப்பகம் இருந்தது. நாத்தனார் குழந்தையை அவன் கைக்கு மாற்றிவிட்டு, போனை எட்டிப் பார்த்தாள்.

"அங்க வேலைக்கு ஆள் எடுக்கறாங்களான்னும் பாருப்பா" என்றாள்.