சுவருக்கு அப்பால் ஒரு வயலின்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் அன்று அந்த அரங்கில் நாற்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். வயோலா வாசிக்கிற நானும் அதில் ஒருத்தி. கடைசியில் நடந்ததை என் காதால் கேட்டேன். அதற்கு முன்னால் நடந்தது இம்கே தன் வாயால் எனக்குச் சொன்னது.

இம்கே பெட்டர்சன் எங்கள் இசைக்குழுவில் பதினோரு வருஷமாக முதல் வயலின் வரிசையின் இரண்டாவது நாற்காலி. தலைமை வயலின்காரர் ஓய்வு பெற்றதும் அந்த முதல் நாற்காலி தனக்குத்தான் என்று இருந்தாள். யாராக இருந்தாலும் தேர்வு உண்டு. மேடையில் திரை கட்டுவார்கள். அதற்குப் பின்னால் நின்று வாசிக்க வேண்டும். முகம் தெரியாது, பெயர் தெரியாது, எண் மட்டும்தான். கேட்டுவிட்டு நாங்கள் சீட்டில் எண்ணை எழுதிப் போடுவோம்.

இம்கேக்கு அது பெரிய விஷயமில்லை. ரோன்யா விண்ணப்பிக்கும் வரை.

ரோன்யாவுக்கு இருபத்தாறு வயது. கடைசி வரிசை. ஒருநாள் ஒத்திகையில் இசைக்குழு நடத்துநர் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். "ரோன்யா, நீ அதைத் தனியா வாசி. வில்லை எப்படி விடறாள்னு எல்லாரும் பாத்துக்கோங்க" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இம்கேயும் திரும்ப வேண்டியிருந்தது. பார்த்து அதேபோல் வாசிக்கவும் வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ரோன்யாவின் சிரிப்பு பிடிக்கவில்லை. அவள் நடப்பது பிடிக்கவில்லை. வயலினைத் தோளில் வைக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாளே, அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. யாருக்கும் தெரியாதது. இம்கேயின் வில் நடுங்க ஆரம்பித்திருந்தது. மெல்லிய சத்தத்தில், வில்லின் நுனிக்குப் போகும்போது, வலது கை தானாக உதறும். பதினாறு வயலின்களுக்கு நடுவில் அது மறைந்துவிடும். திரைக்குப் பின்னால் தனியாக நின்றால் மறையாது.

தேர்வுக்கு வைத்திருந்த பகுதியில் சரியாக அப்படி ஓர் இடம். வில்லின் நுனி, மூச்சு விடுகிற அளவுச் சத்தம், இடது கை உச்சத்துக்கு ஏற வேண்டும்.

டிசம்பர் மாதம். எங்கள் ஊரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஒத்திகை முடிந்ததும் இம்கே அரங்கின் நிலவறைக்கு இறங்குவாள். கடைசி அறை. அங்கேதான் பயிற்சி.

முதல் நாளே கேட்டது.

அவள் அந்த இடத்தை வாசித்தாள். வில் உதறியது. நிறுத்தினாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்தில் அதே இடம் கேட்டது. வழுவழுவென்று. ஒரு பிசிறு இல்லாமல்.

ரோன்யா. வேறு யார்?

மறுநாளும் அப்படியே. இவள் வாசித்து முடித்ததும் அந்தப் பக்கம் வாசிக்கும். இவள் தவறவிட்ட இடத்தை மட்டும். 'இதோ, இப்படி' என்று சொல்லிக் கொடுப்பதுபோல.

ஒருநாள் சிற்றுண்டிச் சாலையில் ரோன்யா வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நேத்து கேட்டேன் இம்கே. எவ்வளவு நல்லா வருது உங்களுக்கு."

"கிண்டலா?"

"ஐயோ, இல்ல. நிஜமாத்தான் சொல்றேன். எனக்கு அந்த இடம் வரவே மாட்டேங்குது."

இம்கே ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். இவ்வளவு நன்றாக வாசித்துவிட்டு, வரவில்லை என்று சொல்ல எவ்வளவு திமிர் வேண்டும்?

கோபத்தில் அவள் கவனிக்காத சில விஷயங்கள் இருந்தன. பின்னால் யோசித்தபோதுதான் உறைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருநாள்கூடச் சுருதி கூட்டும் சத்தம் கேட்டதில்லை. தாள் புரட்டும் சத்தம் இல்லை. இருமல் இல்லை. நாற்காலி நகர்ந்ததில்லை.

அப்புறம் அந்த வில்...

வயலின் வில் ஒரு கை நீளம். எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் முடிந்துதான் ஆக வேண்டும். திருப்பித்தான் ஆக வேண்டும். திருப்பும்போது காது பழகியவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பக்கத்து வில் திரும்பவே இல்லை.

தேர்வு நாள் காலை. நிலவறையில் இம்கே தனியாக இருந்தாள். ரோன்யா வயலின் பெட்டியோடு உள்ளே வந்தாள்.

"இதைக் கொஞ்சம் பாத்துக்கோங்க. காபி வாங்கிட்டு வரேன். உங்களுக்கும் வேணுமா?"

"வேண்டாம்."

பெட்டியை வைத்துவிட்டுப் போனாள்.

இம்கேயின் கோட்டுப் பையில் ஒரு மெழுகுவர்த்தித் துண்டு இருந்தது. சிற்றுண்டிச் சாலை மேஜையில், கிறிஸ்துமஸுக்கு வைத்திருந்த இலை வளையத்திலிருந்து எடுத்தது. எதற்காக எடுத்தாள் என்று அவளுக்குத் தெரியும். வில்லில் கட்டிய குதிரை முடியில் மெழுகைத் தடவினால் போதும். வில் தந்தியைப் பிடிக்காது. வழுக்கும். திரைக்குப் பின்னால் ஒரு சத்தமும் வராது.

பெட்டியைத் திறந்தாள். ரோன்யாவின் வில்லைக் கையில் எடுத்தாள். மெழுகை முடியருகே கொண்டுபோனாள்.

சுவருக்கு அப்பால் வாசிப்பு தொடங்கியது.

அதே இடம்.

இம்கே சுவரைப் பார்த்தாள். ரோன்யா மேலே காபி வாங்கப் போயிருக்கிறாள். அவள் வயலின் இதோ, கண் முன்னால். அவள் வில் தன் கையில்...

அப்படியானால் அங்கே வாசிப்பது?

சத்தம் கூடியது. சுவரை ஒட்டி. சுவருக்குள்ளே.

பெட்டியில் கிடந்த வயலினின் தந்திகள் மெல்ல அதிர்ந்தன. யாரும் தொடவில்லை.

ஙொய்ய்ய்...

அவள் சொந்த வயலின் பின்னால் இருந்தது. மூடிய பெட்டிக்குள்.

அதுவும் முனகியது.

மெழுகு கையிலிருந்து விழுந்தது. வில்லைப் பெட்டிக்குள் போட்டாள். தன் வயலினை அள்ளிக்கொண்டு படியேறி ஓடினாள்.

தேர்வுக்கு ஆறு பேர். இம்கேக்கு இரண்டாம் எண், ரோன்யாவுக்கு ஐந்து. இம்கேயின் வில் உதறியது. ரோன்யாவுக்கு அந்த உச்ச சுரம் உடைந்தது. இருவரும் மேடைக்குப் பின்னால் நடைவழியில் சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

ரோன்யாதான் முதலில் பேசினாள். கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்கு என்னாச்சு? கீழ அப்படி வாசிப்பீங்களே. தினமும் சுவர்ல காதை வச்சுக் கேட்டுட்டு அழுவேன். பொறாமைல வயிறெரிஞ்சு சாவேன்."

இம்கே அவள் பக்கம் திரும்பினாள்.

"நீ எந்த அறையில இருந்தே?"

"வடக்குப் படி வழியா இறங்கினா முதல் அறை. நீங்க அதுக்குப் பக்கத்து அறைதானே?"

இம்கே இருந்தது தெற்குப் படி வழியாக இறங்கினால் கடைசி அறை. இரண்டு அறைக்கும் நடுவில் வேறு அறையே கிடையாது. பழைய கோட்டைச் சுவர்தான் இருக்கிறது. ஆள் படுக்கிற அகலத்துக்குக் கருங்கல். எந்தச் சத்தமும் அதைத் தாண்டி வராது.



அந்த நேரத்தில் அரங்குக்குள் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆறாவது ஆள் முடித்ததும் சிறிது அமைதி. பிறகு திரைக்குப் பின்னால் இன்னொருவர் தொடங்கினார். அந்த மெல்லிய இடம். உச்சத்துக்கு ஏறியது. அங்கேயே நின்றது. பக்கத்தில் செல்லோக்காரர் அழுதுகொண்டிருந்தார். என் ஆயுளில் நான் அப்படி வாசிக்கப் போவதில்லை என்று தெரிந்தது. அது யாராக இருந்தாலும் அவரை வெறுத்தேன். அந்த வாசிப்பு மொத்தமே இரண்டு மூன்று நிமிஷம்தான் இருக்கும்.

சீட்டுகளைப் பிரித்தார்கள். எல்லாவற்றிலும் ஏழு.

திரையை விலக்கினோம். யாரும் இல்லை. ஆறு பேருக்கும் பியானோ வாசித்துத் துணை செய்த யெஸ்ஸன் மட்டும் பியானோ முன்னால் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏழாவது ஆள் எங்க?"

"ஏழாவதா? ஆறு பேர்தானே."

"இப்ப வாசிச்சது யாரு?"

அவர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"யாரும் வாசிக்கல. ஆறாவது ஆள் போனதுலேருந்து நான் இங்கயேதான் இருக்கேன். ஒரு சத்தம் இல்ல. நீங்கல்லாம் எதுக்கு முக்கா மணி நேரமா சும்மா உக்காந்திருக்கீங்கன்னுதான் யோசிச்சிட்டிருந்தேன்."