அண்ணையின் மட்கார்ட் இல்லாத கார்

அண்ணையின் நினைவு மலருக்கு நீங்கள்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்ன நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பிழையாக எழுதினால் சனம் என்ன சொல்லும், எழுதாமல் விட்டால் அண்ணை என்ன நினைப்பார் என்று இரண்டு பக்கமும் பயம். "கதைக்கிற மாதிரியே எழுதுங்கோ மச்சாள். வாசிக்கப் போறதெல்லாம் எங்கட ஆக்கள்தானே" என்றார் அண்ணி. அந்தத் துணிவில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அண்ணை அவர்கள் யாழ்ப்பாணம் கோண்டாவிலில் ஆறு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். ஐயா கண்மூடியபோது அண்ணைக்கு மீசை அரும்பவில்லை. கொழும்பில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் மூட்டை நிறுக்கப் போனார். எழுபதுகளின் தொடக்கத்தில் லண்டன் வந்து, ஹவுன்ஸ்லோவில் ஒரு பெற்றோல் செட்டில் இரவு ஷிப்ட், பிறகு விமான நிலையத்தில் பெட்டி தூக்கும் வேலை, கடைசியாகக் குரொய்டன் பக்கம் பஸ் ஓட்டம். அந்த உழைப்பில்தான் எங்கள் நான்கு பெண்களின் கழுத்திலும் தாலி ஏறியது, சின்னத்தம்பி வெளிநாடு பார்த்தான். நான் புருசனை இழந்து நின்றபோது, "இஞ்சை வா பிள்ளை, ஒரு அறை சும்மாதான் கிடக்குது" என்று தோர்ண்டன் ஹீத் வீட்டுக்குக் கூப்பிட்டதும் அவர்தான். வந்து பார்த்தால் அது சும்மா கிடந்த அறை இல்லை. அண்ணையும் அண்ணியும் படுத்த அறை. எனக்காகச் சின்ன அறைக்கு மாறியிருந்தார்கள்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. அண்ணையின் கார் கதை முழுக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதைத்தான் சொல்ல வேண்டும் என்று மனம் சொல்கிறது.

பெற்றோல் செட்டில் நின்ற காலத்தில் ஒரு ஞாயிறு விடியற்காலை ஒரு வெள்ளைக்காரன் பெற்றோல் அடிக்க வந்தானாம். அவன் வந்தது ஒரு ஒஸ்ரின் ஏ-40 காரில். யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஹயர் ஓடி, ஒரு குடும்பத்தையும் இரண்டு ஆட்டையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போகுமே, அதே கார். ஆனால் முன்சில்லை மூடும் மட்கார்ட் இரண்டும் இல்லை, எஞ்சினை மூடும் பொனற் இல்லை. உள்ளே எட்டுச் சிலிண்டர் எஞ்சின் வெளியே தெரிய நின்று உறுமியது. பளபளப்பும் இல்லை, வெறும் மங்கல் கறுப்பு. இப்படிப் பழைய காரை உரித்துப் பெரிய எஞ்சின் வைத்து ஓட்டுவதை இந்த நாட்டில் ஹொட் ரொட் என்பார்கள்.

"பிள்ளை, எங்கட ஊர் ஏ-40 பாவம் எல்லே, சொன்ன இடமெல்லாம் ஓடும். இது சேர்ட்டைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு, வாடா பாப்பம் எண்டு நிண்டுது" என்று அண்ணை அதை ஆயிரம் தரம் சொல்லியிருப்பார். சொல்லும்போது கையும் சாரம் கட்டும்.

பென்சன் எடுத்த அடுத்த மாதமே கென்ற் பக்கம் ஒரு பண்ணையிலிருந்து லொறியில் ஒரு ஏ-40 வந்து இறங்கியது. அதற்குள் கோழி அடைந்திருந்தது. "மனிசன் இவ்வளவு காலமும் உழைச்சு எனக்கொரு கோழிக்கூடு வாங்கித் தந்திருக்கிறார்" என்று அண்ணி வாசலில் நின்று சொன்னது தெரு முழுக்கக் கேட்டது.

அதைத் தான் கண்ட ஹொட் ரொட் மாதிரி ஆக்குவதில் அண்ணைக்கு அடுத்த ஐந்தாறு வருசம் கராஜுக்குள் போனது. இப்போது நினைத்தால் அதுதான் எங்கள் வீட்டின் பொற்காலம். அப்போது எனக்கு அது தெரியாது, பயம்தான் தெரியும். வெல்டிங் பொறி பறந்தால் வீடு எரியும். ஜாக்கி வழுக்கினால் அண்ணை அடியில். கராஜ் வாசலில் ஒரு வாளி மண் வைத்திருந்தேன், பக்கத்தில் ஒரு ஈரச்சாக்கு. குசினியில் சமைத்தபடி அடிக்கடி கூப்பிடுவேன்.

"அண்ணை, இருக்கிறியளோ?"

"இன்னும் போகேல்லை, பிள்ளை."

சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா கவுன்சிலுக்கு எழுதிப் போடுவார் என்று தினமும் பயந்தேன். ஒருநாள் அவர் வந்து கதவைத் தட்டினார். வினை வந்துவிட்டது என்று நான் குசினிக்குள் ஒளித்தேன். அவர் தன் காலஞ்சென்ற கணவரின் ஸ்பனர் பெட்டியை அண்ணையிடம் கொடுக்க வந்திருந்தார். கணவர் போன நாளிலிருந்து இப்படியொரு சத்தம் இல்லாமல் தன் வீடு செத்துக் கிடந்தது என்று சொன்னாராம்.

இந்த வருசம் தை தொடங்கி வைகாசி வரை அண்ணை கராஜைத் திறக்கவில்லை. அந்த மாதங்களில் வன்னியில் எங்கள் சனத்துக்கு என்ன நடந்தது என்று நான் எழுதித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமென்று இல்லை. தினமும் ரயிலேறிப் போய்ப் பாராளுமன்றத்துக்கு முன்னால் சனத்தோடு சனமாக நின்றுவிட்டு வருவார். வந்து தேத்தண்ணியும் குடியாமல் தொலைக்காட்சிக்கு முன் இருப்பார். எல்லாம் முடிந்த பிறகு நெஞ்சு நோகுது என்றார். ஆசுப்பத்திரியில் நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள்.

அப்போதுதான் ஹவுன்ஸ்லோ மச்சானுக்கு அந்த யோசனை வந்தது. ஹவுன்ஸ்லோ மச்சான் என்பது அண்ணியின் தம்பி. ஜேர்மனியில் கார்ப் பெயின்ற் வேலை பழகி, இங்கே வந்து சொந்தமாக ஒரு வேலைத்தலம் வைத்திருப்பவர். அத்தானுடைய கார் அரைகுறையில் கிடக்கிறது, மட்கார்ட்டும் பொனற்றும் கராஜ் கூரையில் பூட்ட ஆளில்லாமல் தொங்குகிறது, ஆள் வீட்டுக்கு வரமுதல் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். அண்ணியும் நல்லதென்றார். மட்கார்ட் ஒரு பாதுகாப்புத்தானே என்று எனக்கும் பட்டது.

அண்ணை வீடு வந்த நாள் வடை சுட்டு, ஆலாத்தி கரைத்து வைத்திருந்தோம். இருமும்போது நெஞ்சோடு அணைக்கச் சொல்லி ஆசுப்பத்திரியில் கொடுத்த தலையணையை இறுக்கிப் பிடித்தபடி இறங்கினார்.

"அத்தான், கண்ணை மூடுங்கோ."

"ஏன்ரா, ஆசுப்பத்திரியில மூடினது காணாதே?"

கராஜ் கதவு மேலே போனது. உள்ளே மயில் நீலத்தில் ஒரு கார். முகம் பார்க்கலாம். மட்கார்ட், பொனற் எல்லாம் பூட்டி, பின் கண்ணாடியில் தங்க எழுத்தில் 'முருகன் துணை'.

"நீலம்" என்றார் அண்ணை.

"மயில் நீலம் அத்தான். மூண்டு கோட்."

"மட்கார்ட்..."

"பூட்டியாச்சு. கூரையில சும்மா தொங்கிக்கொண்டு கிடந்தது."

அண்ணை மட்கார்ட் விளிம்பை ஒரு தரம் தடவினார். பிறகு மச்சானின் தோளில் கையை வைத்து, "வடிவாயிருக்கு, தம்பி" என்றார். மச்சான் அழுதுவிட்டார். அண்ணி அண்ணைக்கும் ஆலாத்தி எடுத்தார், காருக்கும் எடுத்தார்.

அதற்குப் பிறகு அண்ணை கராஜ் பக்கம் போகவில்லை. பின்வளவைப் பார்த்தபடி கதிரையில் இருப்பார். ஒருநாள் தேத்தண்ணி கொண்டு போய்க் கொடுத்துவிட்டு நின்றேன். டொக்டர் சொன்னதை அப்போது என்னிடம் சொன்னார். பழுதானதில் பாதியைத்தான் திருத்த முடிந்ததாம். அடுத்த கோடையை நம்பி எதையும் வைத்துக்கொள்ள வேண்டாமாம்.

சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"அழாதை பிள்ளை. எனக்கு அதில்லை கவலை. ஆருக்கு என்ன பிடிக்கும் எண்டு பாத்துப் பாத்துத்தான் இவ்வளவு காலமும் எல்லாம் செய்தனான். அதில ஒரு குறையுமில்லை. அந்தக் கார் ஒண்டு நான் கண்ட மாதிரி ஓடோணும் எண்டு நினைச்சன். இனி அவனிட்டை என்னெண்டு சொல்லுறது? ராப்பகலா நிண்டு செய்திருக்கிறான்."

"கழட்டுவமோ?" என்று கேட்டேன். எப்படி என் வாயில் அது வந்ததென்று இன்றைக்கும் தெரியாது.

"நெஞ்செலும்பு ஒட்டுமட்டும் தேத்தண்ணிக் கேத்திலும் தூக்கக் கூடாதெண்டு சொல்லியிருக்கினம்."

"நான் கழட்டுறன். நீங்கள் சொல்லுங்கோ."

"நீ? டோஸ்டர் துள்ளினாலே நீயும் துள்ளுறனீ."

அடுத்த நாள் அண்ணி கடைக்குப் போன நேரம் அண்ணை பிளாஸ்ரிக் கதிரையில் தலையணையோடு இருந்தார். அந்த வெள்ளைக்கார அம்மா தந்த பெட்டியிலிருந்து ஒரு ஸ்பனரை நான் கையில் எடுத்தேன்.

"இடப்பக்கம் திருப்பு. இடப்பக்கம். பீச்சாங்கைப் பக்கம், பிள்ளை!"

"கத்தாதேங்கோ அண்ணை, நெஞ்சு!"

"நெஞ்சு கிடக்கட்டும், நீ போல்ற்றை இறுக்கிக்கொண்டு நிக்கிறாய்."

ஒரு போல்ற் கழற்ற ஒரு மத்தியானம் போனது. இடப்பக்க மட்கார்ட் கடைசியில் பலாப்பழம் மாதிரி என் மடியில் விழுந்தது. இரண்டு பேரும் சின்னப்பிள்ளைகள் மாதிரிச் சிரித்தோம். பெயின்ற்தான் வழிக்கு வரவில்லை. சாண்ட் பேப்பரால் எவ்வளவு உரஞ்சினாலும் என் கைதான் உரஞ்சுப்பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் ஹவுன்ஸ்லோ மச்சான் வந்தார். அத்தானுக்கென்று நண்டு வாங்கி வந்திருந்தார். அண்ணி கதவைத் திறக்க, அவர் நேரே கராஜுக்கு வந்துவிட்டார். நான் ஸ்பனரும் கையுமாக வலப்பக்க மட்கார்ட்டுக்குக் கீழே. இடப்பக்கம் ஏற்கனவே வெறும் சில்லு.

"அக்கா... என்ன செய்யிறியள்?"

நான் ஸ்பனரைச் சீலைக்குள் மறைத்தேன். அண்ணைதான் கதைத்தார்.

"அக்காவைப் பேசாதை. நான்தான் கழட்டச் சொன்னனான். எனக்கு அந்தக் காரை மட்கார்ட் இல்லாமல்தான் பிடிக்கும், தம்பி. ஆசைப்பட்டுத்தான் கழட்டிக் கூரையில கட்டினனான்."

மச்சான் கவிழ்த்து வைத்திருந்த வாளியில் மெல்ல இருந்தார். நண்டுப் பை கையிலேயே இருந்தது.

"ஏன் அத்தான் அண்டைக்கே சொல்லேல்லை?"

"நீ அழுதிட்டாய். பிறகு என்னெண்டு சொல்லுறது?"

"நான் சந்தோசத்திலயெல்லே அழுதனான்."

"அதாலதான் சொல்லேல்லை."

மச்சான் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த உறவு இத்தோடு முறிந்தது, அண்ணியின் முகத்தில் எப்படி முழிப்பது என்று பயந்து நான் உள்ளுக்குள் முருகனுக்கு நேர்த்தி வைத்தேன்.

"மூண்டு கோட், அத்தான்."

"தெரியும்."

"சூளையில காய வைச்ச பெயின்ற்."

"தெரியுமடா. அதுதான் சாண்ட் பேப்பருக்கு அசையுதில்லை. உன்ர மெசினைக் கொண்டு வா."

முதலில் சிரித்தது மச்சான்தான். பிறகு அண்ணை தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு, "சிரிப்புக் காட்டாதையடா, தையல் போயிடும்" என்று கெஞ்சினார். அன்றிரவு நண்டுக்குழம்பு. அடுத்த கிழமை மச்சான் தன் மெசினோடு வந்து, தான் ஆசையாக அடித்த மயில் நீலத்தைத் தானே உரஞ்சி எடுத்தார். மங்கல் கறுப்பையும் அவரே அடித்தார். பின் கண்ணாடிக்கு அவர் கை போனபோது மட்டும் அண்ணை தடுத்தார். "முருகனைத் தொடாதை. எஞ்சின் நிண்டாலும் அவர்தான் தள்ளோணும்."

டொக்டர் கார் ஓட்டலாம் என்று விட்ட பிறகு, காருக்கான பரிசோதனை எல்லாம் முடித்து, ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விம்பிள்டன் கோயிலுக்குப் பூசைக்குக் கொண்டுபோனோம். முன்சீற்றில் அண்ணி இருப்பார் என்று நினைத்தேன். "நான் தம்பியின்ர வானில பின்னால வாறன். போல்ற் கழட்டின ஆள் முன்னால ஏறட்டும்" என்றார் அண்ணி. நல்ல சீலை உடுத்தி, மடியில் தேங்காயும் எலுமிச்சையும் வைத்துக்கொண்டு ஏறினேன். அண்ணை எஞ்சினை உசுப்பியபோது என் பல்லெல்லாம் ஆடியது. பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்று கையசைத்தார்.

வழியில் மிச்சம் என்ற ஊரைக் கடக்கும்போது மழை பிடித்தது. என் பக்கக் கண்ணாடி மேலே ஏறவில்லை. மட்கார்ட் இல்லாத முன்சில்லு தெருத்தண்ணியை அள்ளி அள்ளி ஜன்னலுக்குள் ஊற்றியது. முகம், சீலை, தேங்காய் எல்லாம் சேறு. நான் பயந்தது ஒன்றாவது இந்த வாழ்க்கையில் அப்படியே நடந்தது. அண்ணை ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இருக்கிறியோ?"

"இன்னும் போகேல்லை. நீங்கள் ஓடுங்கோ அண்ணை."

அவர் ஓடினார். அந்த முகத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. கோயில் வாசலில் ஐயர் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஆருக்கு முதலில் தீர்த்தம் தெளிக்கிறது என்று கேட்டார்.

ஐப்பசியில் ஒரு காலை தேத்தண்ணி கொண்டுபோன அண்ணி கூப்பிடும் சத்தம் கேட்டது. நித்திரையிலேயே, ஆருக்கும் கரைச்சல் கொடுக்காமல், எழுபத்தொரு வயதில் எங்கள் அண்ணை போய்விட்டார்.

அண்ணையை ஆசுப்பத்திரியில் கண்ணாகப் பார்த்த டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும், செய்தி கேட்டு ஜேர்மனியிலிருந்தும் ஊரிலிருந்தும் கதைத்தவர்களுக்கும், முதல் நாளிலிருந்து சமைத்துக் கொண்டுவந்த தோர்ண்டன் ஹீத் உறவுகளுக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், அண்ணையோடு பஸ் ஓடிய தோழர்களுக்கும், கார்ச் சாமான் தேடியபோது அண்ணைக்குப் பழக்கமாகி, இப்போது தங்கள் ஹொட் ரொட் கார்களில் வரிசையாக வந்து தொப்பியைக் கழற்றி நின்று, பிறகு எங்கள் வீட்டில் கையால் சோறு தின்ற வெள்ளைக்காரக் கூட்டாளிகளுக்கும், ஸ்பனர் பெட்டி தந்த அம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆரையாவது விட்டிருந்தால் அது என் நினைவின் குறை, மனதின் குறை இல்லை.

கடைசி நன்றி ஹவுன்ஸ்லோ மச்சானுக்கு. இறுதி ஊர்வலத்தில் அண்ணைக்குப் பின்னால் அந்தக் காரை ஓட்டி வந்தவர் அவர். இனி வெள்ளிக்கிழமைகளில் என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறவரும் அவர்தான். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று எல்லாரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு கராஜுக்குள் நின்று கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அக்கா, மாரி வருது. உங்களுக்குப் பயமெண்டால் சொல்லுங்கோ. மட்கார்ட் ரெண்டும் இதிலதான் கிடக்கு. பின்னேரத்துக்குள்ள பூட்டிவிடுவன்."

நானும் மேலே பார்த்தேன்.

"வேண்டாம் தம்பி" என்றேன். "மழை பெய்தால் நனைவம்."