அம்மாவின் இரட்டைத் தொட்டி மிஷின்

மிஷின் ஓடாவிட்டால் பொங்கோலில் இருக்கும் உன் வீட்டுக்கு வருகிறேன், ஓடிவிட்டால் என்னை என் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும் என்று அம்மா நிபந்தனை போட்டாள். கையில் கட்டோடு உட்கார்ந்திருப்பவள் நிபந்தனை போடுகிறாளே என்று அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. மிஷினை ரிப்பேர் பண்ண வேண்டியவள் நான்தான் என்பதையும் அதே மூச்சில் சொல்லி முடித்திருந்தாள்.

நடந்தது இதுதான். சிங்கப்பூர் ஆங் மோ கியோவில் தனியாக இருக்கும் அம்மாவின் துணி துவைக்கும் மிஷின் ஒருநாள் நின்றுவிட்டது. எங்களிடம் மூச்சுகூட விடாமல், படுக்கை விரிப்பைக் குளியலறையில் போட்டுக் கையால் கசக்கியிருக்கிறாள். சோப்புத் தண்ணீர் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு சுளுக்கி வீங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, அந்த மட்டும் பிழைத்தோம். இனிமேல் தனியாக விடுவதில்லை என்று அண்ணன் ஒற்றைக் காலில் நின்றான். அவன் ஈசூன் வீட்டில் ஏற்கெனவே மாமனார், மாமியார், பிள்ளைகள் என்று கால் வைக்க இடமில்லை. ஆகவே என் வீடு என்று முடிவாயிற்று.

என்னை யாரும் வற்புறுத்தவில்லை. உள்ளூர எனக்குக் கொண்டாட்டம்தான். மகன் படிக்க வெளிநாடு போய்விட்டான். கணவருக்கு ஷிஃப்ட் வேலை. வேலை முடிந்து கதவைத் திறந்தால் காலையில் நான் வைத்துவிட்டுப் போன டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், டம்ளர் மேல். வீட்டில் இன்னொரு ஆள் இருமினால்கூடப் போதும் என்று இருந்தது. மகனுடைய அறையை ஒழித்து, அம்மாவுக்குப் பிடித்த பச்சை நிறத்தில் திரைச்சீலை மாட்டிவிட்டேன். நிபந்தனைக்கு முன்பே மாட்டியது அது.

மிஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயரம் என் இடுப்புவரைதான். ஒரு பக்கம் துவைக்கிற தொட்டி, மறுபக்கம் பிழிகிற குட்டித் தொட்டி. மேலே திருகிவிடும் குமிழ்கள். வெளிர்நீலமாக இருந்தது இப்போது எந்த நிறம் என்று சொல்ல முடியாது. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இருக்கிறது. இதைக் கடாசிவிட்டுத் தானியங்கி மிஷின் வாங்கிக்கொள் என்று நாங்கள் சொல்லி அலுத்துவிட்டோம். அண்ணன் ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் ஆர்டர் செய்து அனுப்பிவைத்தான். வீடு மாறி வந்துவிட்டீர்கள் என்று கொண்டுவந்தவர்களையே திருப்பி அனுப்பிவிட்டாள். அவர்களும் பாவம், மாடி மாடியாக ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

அவளுடைய வாதம் ஒரே சொல்லில் அடங்கும். புது மிஷின் துவைக்கும், அலசாது. மூடிக்குள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்பாள். அம்மாவின் கணக்கில் துவைப்பது மிஷினுடைய வேலை, அலசுவது மனுஷியுடைய வேலை. துவைத்த துணியைத் தொட்டியிலேயே புதுத் தண்ணீரில் முக்கி, கையால் தூக்கித் தூக்கிப் பார்த்து, நுரை போய், தண்ணீர் தெளிந்த பிறகுதான் பிழிகிற தொட்டிக்குப் போகும். தெளிந்ததா இல்லையா என்று அவள் கண்தான் சொல்ல வேண்டும். இதற்கு மூடி திறந்தபடி இருக்கும் தொட்டி வேண்டும், இடுப்பு உயரத்தில் வேண்டும். யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதை நான் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை.

நான் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பராமரிக்கும் டெக்னீஷியன். ஸ்பேனரும் ஸ்குரூடிரைவரும் எனக்குக் கரண்டி மாதிரி. சனிக்கிழமை காலை அம்மா வீட்டுக்குப் போய், பிளக்கைப் பிடுங்கி, பழைய போர்வையை விரித்து மிஷினைப் படுக்கப் போட்டு, முதுகுத் தகட்டைக் கழற்றினேன். துவைக்கிற பக்கத்தில் பெரிய வியாதி இல்லை. பெல்ட் தேய்ந்து தொளதொளத்துப் போயிருந்தது, மோட்டார் சுற்றினாலும் தொட்டியின் அடியில் துணியைச் சுழற்றும் தட்டு சுற்றாது. பிழிகிற பக்கம்தான் மோசம். தொட்டியைத் தாங்கும் தண்டு அடியில் ஒரு ரப்பர் உறைக்குள் இறங்குகிறது. தண்ணீர் மோட்டாருக்குள் போகாமல் தடுப்பது அந்த ரப்பர்தான். அது ஊதிப் பெருத்து, ஊறின அப்பளம் மாதிரி கையோடு வந்தது. முகர்ந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் வாசனை.

மிஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டாயா என்று கேட்டேன். தலைக்கு, முழங்காலுக்கு, கதவுக் கீலுக்கு என்று எல்லாவற்றுக்கும் விடுகிறவள் மிஷினை மட்டும் ஒதுக்குவாளா. கிறீச் கிறீச் என்று அழுதது, விட்டேன், அடங்கிவிட்டது என்றாள். ஏதோ குழந்தைக்குக் காது வலி தீர்ந்த மாதிரி. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப்போகும் என்று கத்தினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அம்மாவிடம் என்றால் இன்னும் சீக்கிரம் வரும். அவள் எனக்கு மைலோ கலக்கப் போனாள், ஒற்றைக் கையால்.

மறுநாள் லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். சிராங்கூன் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் பழைய ஃபிரிட்ஜ், ஃபேன், மிஷின்களைப் பிரித்து வைத்திருக்கும் கடை ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நடைபாதை முழுக்க ஊரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பிகள், ஃபோனில் வீட்டோடு பேசிக்கொண்டு. தோளைக் குறுக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. கடைக்காரர் நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து அதே இடத்தில் இருக்கிறார்கள். பெல்ட் உடனே கிடைத்தது. ரப்பர் உறையைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த அளவெல்லாம் இப்போது வருவதில்லை என்று உதட்டைப் பிதுக்கினார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், துள்ளிக் குதிக்காத குறை. நான் முயற்சி செய்தேன், கிடைக்கவில்லை, அம்மா பச்சைத் திரைச்சீலை அறைக்கு வந்துவிடுவாள், யார் மேலும் தப்பில்லை. நன்றி சொல்லிவிட்டுத் தெருமுனை வரைக்கும் வந்துவிட்டேன். பின்னாலிருந்து தங்கச்சி, தங்கச்சி என்று சத்தம். பிரித்துப் போட்டிருந்த ஒரு மிஷினிலிருந்து அதே அளவு உறையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மூச்சு வாங்க வந்தார். கிடைத்ததற்கு ஏன் மூஞ்சி வாடுகிறது என்று கேட்டார். வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நியூட்டனில் ரயில் மாறும்போது ஒரு குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். கைப்பையில் அந்த ரப்பர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சாமான். அதைப் போட்டுவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. அம்மா என்னை நம்புவாள், நம்பித்தானே என்னிடம் கொடுத்தாள். அந்த நினைப்பு வந்ததும் எனக்கே என் மேல் எரிச்சலாகிவிட்டது. வந்த ரயிலில் ஏறி உட்கார்ந்து, ஆங் மோ கியோ வரும்வரை பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பூட்டுவது கழற்றுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. துரு ஏறின போல்ட் ஒன்று அசைவேனா என்றது. தண்டைத் துடைத்துப் பளபளக்க வைத்து, ரப்பருக்குச் சேரும் கிரீஸைத் தடவி உறையை இறக்கினேன். பெல்ட்டை மாட்டி, தகட்டை மூடி, மிஷினை நிமிர்த்தினேன். பக்கத்தில் அம்மா தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு வந்து நின்றாள். ஒரே ஒரு சொட்டு என்று கண்ணாலேயே கேட்டாள். பாட்டிலைப் பிடுங்கி அலமாரியின் மேல்தட்டில், அவளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தேன்.

தண்ணீர் விட்டு, குமிழைத் திருகினேன். ஒரு முறை முனகிவிட்டுத் தட்டு சுற்ற ஆரம்பித்தது. பிழிகிற தொட்டியும் சுற்றியது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடியில் பார்த்தேன், ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. நல்ல வேலை. தொழிற்சாலையில் இப்படி ஒரு வேலை முடிந்தால் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவேன். அன்றைக்கு யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

அம்மா கட்டில்லாத கையால் ஒரு துவாலையைத் தண்ணீரில் தூக்கித் தூக்கி அலசிக்கொண்டிருந்தாள். நான் தரையில் சிதறிக் கிடந்த ஸ்பேனர்களைப் பொறுக்கியபடி, குப்பைத்தொட்டிப் பக்கத்தில் நின்றதைச் சொல்லிவிட்டேன். அவளைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள். "மிஷின் ஓடக் கூடாதுன்னு நீ நெனைக்கிறத உன் மூஞ்சி மொதல்லயே சொல்லிருச்சு."

"தெரிஞ்சும் ஏன் என்னைய ரிப்பேர் பண்ணச் சொன்ன? ஒரு ஆள வரச் சொல்லியிருக்கலாம்ல?"

"ஆள் வந்து செஞ்சா மிஷின்தான் ஓடும். நீ திரும்பத் திரும்ப வா வான்னு கூப்பிட்டுக்கிட்டேதான் இருப்ப. நீயே செஞ்சா விட்டுருவ." துவாலையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "உன் வீட்டுக்கு வந்தா என் துணிய நீ துவைப்ப. நான் உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கணும். அதுக்கு இன்னும் வயசாகல லா எனக்கு."

எனக்கு நீ வேணும்மா என்றேன். அழுகை வந்துவிட்டது. இந்த வயதில் இப்படியா என்று வெட்கமாகவும் இருந்தது.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. துவாலையை மடித்துப் பிழிகிற தொட்டிக்குள் வைத்து மூடியைச் சாத்தினாள்.

"வேணும்னா நீ வா. ட்ரெயின் ரெண்டு பக்கமும்தான ஓடுது."

அண்ணனிடம் ஃபோனில் மிஷின் ஓடுகிறது என்று மட்டும் சொன்னேன். குளியலறையில் பிடிமானக் கம்பி பொருத்த ஏற்பாடு செய்கிறேன் என்றான், அதற்கு அம்மா மறுப்புச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மகன் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் படுத்தேன். சில வாரங்களில் அம்மாவின் கைக்கட்டைப் பிரித்தாயிற்று.

அதற்கடுத்த சனிக்கிழமை பொங்கோலிலிருந்து ரயில் ஏறினேன். கையில் பெரிய பை, நிறைய என் அழுக்குத் துணி. வீட்டில் நல்ல தானியங்கி மிஷின் இருக்க, துணி மூட்டையோடு எங்கே கிளம்பிவிட்டாய் என்று கணவர் வாசல்வரை வந்து கேட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். அம்மா கதவைத் திறந்தாள், பையைப் பார்த்தாள், வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். என் துணியைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்தாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் அலசுவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.